மூன்றாம் கூட்டத்துக்குக் கொண்டுபோன வாளி

மீனவர் சங்கத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் அன்ரோனெற்றின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அவளைப் பற்றி இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறது. மார்ச் மாதக் கூட்டத்தின் அடியில், "குழப்பம் காரணமாகக் கூட்டம் இடையில் கலைந்தது" என்று ஒரு வசனம். மே மாதக் கூட்டத்தின் அடியிலும் அதே வசனம். எழுதியவர் செயலாளர் தோமஸ். மணிமணியான எழுத்து. அந்தக் குழப்பம் என்பது அன்ரோனெற்தான்.

மன்னார்த் தீவின் வடகரையில் நண்டு வலை போடும் சிறிய ஊர் அது. ஆண்கள் விடியப்புறம் வலையோடு கரைக்கு வருவார்கள். வலையில் சிக்கிய நண்டைக் கழற்றுவது பெண்களின் வேலை. கரையில் அதற்கென்று ஒரு கொட்டில் இருக்கிறது. தகரக் கூரை, சீமெந்து நிலம், மூன்று பக்கம் இடுப்பளவு சுவர், ஒரு தண்ணீர்க் குழாய், பின்னால் ஒரு கக்கூஸ். பதினேழு பெண்கள் காலை ஐந்து மணியிலிருந்து மத்தியானம் வரை அங்கே இருந்து வேலை செய்கிறார்கள். அன்ரோனெற் அவர்களில் ஒருத்தி. நாற்பத்து மூன்று வயது. பிறந்தது வெள்ளாங்குளத்தில். போர் முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு மில்ரனைக் கட்டி இந்தக் கரைக்கு வந்தவள்.

கரையில் இரண்டு எஞ்சின்கள் களவு போனதிலிருந்து பிரச்சினை தொடங்கியது. எஞ்சின்களை ஓரிடத்தில் வைத்துப் பூட்ட வேண்டும், அதற்குப் பெண்களின் கொட்டிலை எடுப்போம் என்றார் சங்கத் தலைவர் மரியதாஸ். பெண்கள் உடைமரத்தடியில் இருந்து வேலை செய்யலாம் என்றார். அந்த உடைமரத்தின் நிழலில் ஒரு ஆடு படுத்தால் இன்னொரு ஆட்டுக்கு இடமில்லை.

முதல் கூட்டத்தில் அன்ரோனெற் எழும்பி ஒரு வசனம் சொன்னாள். இரண்டாவது வசனத்துக்கு முன்னால் பிளாஸ்ரிக் கதிரை ஒன்று பறந்தது. யார் எறிந்தது என்பதில் ஊரில் இரண்டு கதை இல்லை. இரண்டாம் கூட்டத்தில் அவள் கத்திய கத்தலில் கோயில் வளவுப் புறாக்கள் எழும்பிப் போயின. பிறகு அவளே நிலத்தில் விழுந்தாள். மில்ரன் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பிறஷர் நூற்றெண்பது.

சங்கத்துக்கு ஒரு விதி உண்டு. ஒரு விடயம் மூன்று கூட்டத்தில் குழப்பத்தால் முடிவாகாமல் போனால், நிர்வாகக் குழு தானாகவே அதை முடிவு செய்யலாம். நிர்வாகக் குழு என்றால் மரியதாஸும் அவருடைய சொந்தக்காரர் நாலு பேரும். மூன்றாம் கூட்டம் ஆடி மாத முதல் ஞாயிறு, பூசைக்குப் பிறகு. அதுவும் கலைந்தால் கொட்டில் போய்விடும். இதை அன்ரோனெற்றுக்கு விளங்கப்படுத்தியது மில்ரன்தான்.

"அந்தாளுக்கு நீர் கத்தவேணும்," என்றான். "நீர் கத்தக் கத்த அவருக்கு லாபம். அதாலை சொல்லுறன், ஞாயிற்றுக்கிழமை நீர் போகாதையும்."

"நான் போகாட்டி ஆர் கதைக்கிறது? நீங்களோ?"

மில்ரன் சோற்றைப் பிசைந்தான். அவன் நல்லவன். படகில் எந்தக் காற்றுக்கும் அசைய மாட்டான். கூட்டத்தில் மட்டும் கதிரையோடு சேர்ந்து கதிரையாகிவிடுவான்.

பிறஷர் பார்த்த டொக்டர் அவளை மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினார். ஊரில் அதற்கு வேறு பெயர். அங்கே போகிறவர்கள் கிளினிக் கொப்பியைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு, பல்லுக் கொதி என்று சொல்லிப் போவார்கள். அன்ரோனெற் கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

"எங்க அக்கா, மன்னாருக்கோ?" என்று கேட்டான் கொண்டக்ரர்.

"விசர்க் கிளினிக்குக்கு. மிச்சக் காசைத் தாரும்."

கொண்டக்ரர் மிச்சக் காசை உடனே கொடுத்தான்.

கிளினிக்கில் இருந்த உளவளத்துணையாளரின் பெயர் சுவேதினி. இருபத்தாறு வயது இருக்கும். மூக்குத்தியும் பெரிய கண்ணாடியும். அன்ரோனெற் கதிரையில் உட்காரும்போதே சொல்லிவிட்டாள்: "பிள்ளை, என்னைச் சாந்தமான ஆளா மாத்திறதுக்கு அனுப்பியிருக்கினம் எண்டால் இப்பவே சொல்லிப்போடும். அடுத்த பஸ் பத்தேகாலுக்கு."

"அக்கா, உங்களுக்குக் கோபம் வரக்கூடாதெண்டு நான் சொல்ல மாட்டன்," என்றாள் சுவேதினி. "வாறதுக்கு முதல் என்ன நடக்குது? அதை மட்டும் சொல்லுங்கோ."

"என்ன நடக்கிறது? கோபம் வரும்."

"அதுக்கு முதல்?"

அன்ரோனெற் இதை யோசித்ததே இல்லை. தன் கைகளைப் பார்த்தாள். பிறகு, கை குளிரும் என்றாள். விரல் நுனியிலிருந்து தொடங்கும். காது அடைக்கும். முன்னால் நிற்பவரின் வாய் அசைவது தெரியும், சத்தம் வராது.  அதற்குப் பிறகுதான் அந்தச் சூடு வயிற்றிலிருந்து கிளம்பி மேலே வரும். அது வந்தால் பிறகு என்ன செய்தாள் என்று மற்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.

"மரியதாஸ் அண்ணை என்ன செய்யேக்கை கை குளிருது?"

"அவர் கதைச்சால் ஒண்டுமில்லை. கையாலை இப்பிடிச் செய்வார்." அவள் இரண்டு உள்ளங்கையையும் நிலத்தைப் பார்க்கப் பிடித்து, காற்றை அமத்திக் காட்டினாள். "இரும், இரும் எண்டு."

காட்டியபடியே கைகளை அங்கேயே நிறுத்திவிட்டாள். அவளுடைய கைகள்தான். ஆனால் அவளுக்கு வேறு கைகள் தெரிந்தன. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, வெளி ஒன்றில் ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். துவக்கைத் தோளில் போட்ட ஒரு ஆமிப் பெடியன் இதே மாதிரி இரண்டு கையையும் அமத்தி, "வாடிவென்ன, வாடிவென்ன" என்று சிங்களத்தில் இருக்கச் சொல்லிக்கொண்டு வந்தான். எல்லோரும் வெயிலில் குந்தினார்கள். அவளுக்குப் பக்கத்தில் குந்திய அவளுடைய தமையனை எழுப்பிக் கொண்டுபோனார்கள். அவள் குந்தியபடியே இருந்தாள். எழும்பவில்லை. ஒரு சொல் சொல்லவில்லை. தமையன் இன்னும் வரவில்லை.

அன்ரோனெற் இதைச் சொல்லி முடித்ததும் சுவேதினி தண்ணீர்ப் போத்தலை அவள் பக்கம் தள்ளி வைத்தாள். அன்ரோனெற் குடித்தாள்.

"அப்ப இது கோபமில்லையோ?"

"கோபமும்தான். ஆனா முதல் வாறது பயம். அண்டைக்கு அசையாமல் இருந்து உங்கடை உடம்பு உங்களைக் காப்பாத்தினது. இப்ப அந்தக் கையைக் கண்டால், திரும்பவும் காப்பாத்த ஓடி வருது. ஆளைத்தான் பிழையாப் பிடிச்சிட்டுது."

"மரியதாஸைப் பிடிச்சதைப் பிழை எண்டு சொல்லாதையும்."

சுவேதினி சிரித்துவிட்டாள். அன்ரோனெற் சிரிக்கவில்லை. அவளைப் பயந்தவள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. வீடு போகும்வரை அந்தச் சொல் செருப்புக்குள் போன மண் மாதிரி உறுத்தியது. இரவு மில்ரனிடம், "நான் பயந்தாங்கொள்ளியோ?" என்று கேட்டாள். "ஆர் அப்பிடிச் சொன்னது?" என்று அவன் உண்மையாகவே திகைத்தான். அதனால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அடுத்த கிழமை போனபோது அவள் ஒரு முடிவோடு போனாள். "பயமெண்டாலும் அது என்ரை பயம். அந்தாள் அதைக் கையிலை வைச்சு ஆட்டேலாது. என்ன செய்யவேணும், சொல்லும்."

சுவேதினி சொன்னவை பெரிய விடயங்கள் இல்லை. மூச்சை உள்ளே எடுப்பதிலும் பார்க்க வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும். கால் நிலத்தில் பதிந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். கையைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் உதவும். காது அடைத்திருக்கும்போது வாய் திறக்கக்கூடாது. சூடு ஏறும், நின்று பார்த்தால் இறங்கும். அதற்கு இவ்வளவு நேரம் என்று கணக்கில்லை, ஆனால் கட்டாயம் இறங்கும். இதைக் கூட்டத்தன்று தொடங்கினால் சரிவராது, முதலே பழக வேண்டும்.

பழகுவதற்கு ஆள் வேண்டுமே. இராசேஸ்வரி இருந்தாள். மலைநாட்டிலிருந்து வந்து பாப்பாமோட்டையில் குடியேறிய குடும்பம். முதல் பஸ்ஸில் ஏறிப் பாலம் கடந்து தீவுக்கு வேலைக்கு வருகிறவள். யாரைப் போலவும் கதைத்துக் காட்டுவாள். அவள் தலையில் துவாயைக் கட்டி, வயிற்றை முன்னால் தள்ளி, கொட்டிலுக்குள் மரியதாஸாக நடந்து வந்தாள்.

"இந்தாரும் பிள்ளை அன்ரோனெற், இரும். பொம்பிளையளுக்கு என்னத்துக்குக் கொட்டில்? எஞ்சினுக்குத் தடிமன் பிடிக்கும், உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

பெண்கள் வலையில் முகம் புதைத்துச் சிரித்தார்கள். இராசேஸ்வரி இரண்டு கையையும் அமத்தினாள். விளையாட்டு என்று தெரிந்தும் அன்ரோனெற்றின் விரல் குளிர்ந்தது. மூச்சை எண்ணத் தொடங்கினாள். எண்ணிக்கையில் கவனம் போனதும், கையிலிருந்த நண்டு அவளுடைய பெருவிரலைப் பிடித்துக்கொண்டது.

புதிதாக வருகிற பெட்டைகள் நண்டு கடித்தால் கையை உதறுவார்கள். உதற உதற அது இறுக்கும். கடைசியில் கொடுக்கு முறிந்து விரலிலேயே தொங்கும். விரலும் போய், நண்டும் போய்விடும். கொடுக்கில்லாத நண்டை, கம்பனிக்காக நண்டு வாங்குகிற நஸார் நானா எடுக்க மாட்டார். கம்பனிக்கு அது கழிவு. பழகியவர்கள் உதற மாட்டார்கள். கையை நண்டோடு தண்ணீர் வாளிக்குள் இறக்கி, அப்படியே வைத்திருப்பார்கள். நோகும். கண்ணீர் வரும். ஆனால் அசைய மாட்டார்கள். தண்ணீர் பட்டதும் நண்டு தானாக விட்டுவிட்டு நீந்தும்.

அன்ரோனெற் கையை வாளிக்குள் வைத்தாள். பல்லைக் கடித்தாள். நண்டு விட்டது.

"அக்கா," என்றாள் இராசேஸ்வரி, துவாயைக் கழற்றாமலே. "நான் இன்னும் கையை இறக்கல. பாருங்க."

உண்மைதான். அவள் மரியதாஸாகக் கையை அமத்திக்கொண்டே நின்றாள். அன்ரோனெற் அவளை நிமிர்ந்து பார்த்தாள். காது திறந்திருந்தது. கடல் சத்தம் கேட்டது. இத்தனை வருட வேலையில் அவள் இதை எத்தனை தரம் செய்திருப்பாள். அதை ஒரு திறமை என்று அவள் நினைத்ததே இல்லை.

இதைச் சொன்னபோது சுவேதினிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "பாத்தீங்களே அக்கா, உங்கடை கோபமும் அந்த நண்டு மாதிரி..."

"என்னை நண்டோடை சேர்க்காதையும், பிள்ளை. நான் நண்டு விக்கிறனான்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஆண்கள் கோயில் மண்டபத்துக்குள் கதிரைகளை இழுத்துப் போட்டார்கள். படகுக்காரர் நாற்பத்தொரு பேர். சங்க விதிப்படி கை உயர்த்தும் உரிமை அவர்களுக்குத்தான். பெண்கள் கதைக்கலாம், கை உயர்த்தேலாது. பதினேழு பேரும் வந்தார்கள், பதினாறு பேர் பின்னால் இருந்தார்கள். அன்ரோனெற் மட்டும் முன்வரிசையில் போய் இருந்தாள், கால்மாட்டில் கடல்தண்ணீர் நிறைந்த நீல வாளியோடு.

"என்ன அன்ரோனெற், நண்டு யாவாரத்தை இஞ்சையும் கொண்டந்திட்டீரோ?" என்றார் மரியதாஸ். சிரிப்பு எழுந்தது.

அவள் சேலை முந்தானையைச் செருகி, வலது கையை மணிக்கட்டு வரை வாளிக்குள் வைத்தாள். சிரிப்பு கூடியது. மில்ரன் கதிரையில் கீழே கீழே வழுக்கினான்.

கொட்டில் விடயம் வந்ததும் அவள் எழும்பி, வாளியைத் தன் கதிரையில் தூக்கி வைத்தாள். ஒரு கை வாளிக்குள் இருந்ததால் கொஞ்சம் குனிந்துதான் நிற்க முடிந்தது. "தலைவர், கொட்டிலைப் பற்றி நான் கதைக்கவேணும்."

"கதைக்கலாம். கதிரை எறியிறதெண்டால் முதலே சொல்லும், நாங்கள் வெளியிலை நிக்கிறம்." மரியதாஸ் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். "உம்மடை கிளினிக் எல்லாம் எப்பிடிப் போகுது? குளிசை ஒழுங்காப் போடுறீரோ? இரும் பிள்ளை, இரும். பதட்டப்படாமல் இரும்."

இரண்டு கைகளும் எழும்பி, காற்றை அமத்தின.

குளிர் வந்தது. வாளிக்குள் இருந்த கைக்கும் வெளியில் இருந்த கைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மண்டபத்தின் சத்தம் யாரோ கதவைச் சாத்தியது போல நின்றது. மரியதாஸின் வாய் அசைந்துகொண்டிருந்தது.  அவள் குந்தவில்லை. கால் இரண்டையும் சீமெந்தில் ஊன்றினாள். செருப்பைக் கழற்றிவிட்டதால் நிலத்தின் சொரசொரப்பு தெரிந்தது. மூச்சை விட்டாள், நீளமாக. சூடு கிளம்பியது. நெஞ்சுக்கு வந்தது. தொண்டைக்கு வந்தது. பக்கத்தில் ஒரு வெறுங்கதிரை, கை எட்டும் தூரத்தில். அவள் அதைப் பார்த்தாள். கையை வாளிக்குள்ளேயே வைத்திருந்தாள். இன்னொரு மூச்சு. இன்னொன்று.

மண்டபத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், அவள் ஒன்றும் பேசாமல் நிற்கிறாள் என்பதுதான். முதலில் சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். தோமஸ் பேனாவைப் பிடித்தபடி, எழுதவேண்டிய வசனத்துக்காகக் காத்திருந்தார். ஒருவர் இருமினார். மரியதாஸின் கைகள் இன்னும் காற்றில் இருந்தன, வைக்க இடம் தெரியாமல்.

முதலில் மின்விசிறியின் கறகறச் சத்தம் திரும்பி வந்தது. பிறகு காகம். பிறகு பின்வரிசையில் இராசேஸ்வரியின் வளையல்.

"மரியதாஸ் அண்ணை," என்றாள் அன்ரோனெற். "கையை இறக்குங்கோ."

அவர் இறக்கினார். ஏன் இறக்கினார் என்று அவருக்கே தெரியாமல் இறக்கினார்.

"ஓம், நான் கிளினிக்குக்குப் போறனான். கொப்பி பையுக்கை கிடக்கு, ஆரும் வாசிக்கலாம். என்ரை குரல் நடுங்குது, எனக்குத் தெரியும். நடுங்கட்டும். நடுங்கிக்கொண்டே சொல்லுறன்." அவள் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். "பொம்பிளையள் பதினேழு பேர். காலமை அஞ்சு மணியிலையிருந்து பன்ரண்டு மணி மட்டும். கக்கூஸ் அந்தக் கொட்டிலுக்குப் பின்னாலைதான் கிடக்கு. கொட்டிலைப் பூட்டினால் அதையும் பூட்டவேணும். பிறகு நாங்கள் தண்ணி குடிக்காமல் இருக்கவேணும். போன வருசம் குழாய் உடைஞ்சு கக்கூசைப் பூட்டி வைச்ச மூண்டு மாதமும் அப்பிடித்தான் இருந்தனாங்கள். இராசேஸ்வரி சலம் கட்டி ஆஸ்பத்திரியிலை கிடந்தவள். இது கோயில் மண்டபம், கதைக்கிற கதையில்லை எண்டு நினைக்கிறியள். உங்கடை பொஞ்சாதிமாரின்ரை கதை. இஞ்சை கதைக்காமல் எங்கை கதைக்கிறது?"

 சிலர் நிலத்தைப் பார்த்தார்கள்.

"மற்றது நண்டு. எட்டு மணி வெயிலிலை நண்டு எவ்வளவு நேரம் தாங்குமெண்டு உங்களுக்குத் தெரியும். செத்த நண்டை நஸார் நானா எடுக்கிறேல்லை."

"அப்ப எஞ்சின்?" என்றார் பின்னாலிருந்து ஒரு கிழவர். "எஞ்சினை எங்கை வைக்கிறது, பிள்ளை?"

இரண்டு கூட்டத்திலும் அவள் இந்த இடத்துக்கு வந்து சேரவேயில்லை. இந்தக் கேள்விக்கு மார்ச் மாதமே அவளிடம் பதில் இருந்தது.

"கொட்டிலுக்கு அரைச்சுவர்தான். களவெடுக்க வாறவன் தாண்டிக் குதிப்பான். இந்த மண்டபத்துக்குப் பின்னாலை பழைய ஐஸ் அறை கிடக்கு. சங்கத்தின்ரை அறை. நாலு பக்கமும் சுவர், இரும்புக் கதவு, பூட்டு. அதுக்குள்ளை இப்ப ஆரின்ரை வலை கிடக்குது எண்டு தலைவரைக் கேளுங்கோ."

எல்லோருக்கும் தெரியும், மரியதாஸின் தம்பியின் வலை. தெரிந்த விடயம் வாயால் வந்தபோது யாரோ மூக்கால் சிரித்தார்கள். அது மண்டபம் முழுக்கப் பரவியது. இந்தமுறை சிரிப்பு வேறு பக்கம் பார்த்து இருந்தது.

"அது... தற்காலிகமா வைச்சது," என்றார் மரியதாஸ். "ஆறுதலாப் பாப்பம். இண்டைக்கே முடிவெடுக்கிற அவசரம் என்ன?"

"இண்டைக்கு எடுப்பம்," என்றாள். "இண்டைக்குக் குழப்பம் ஒண்டும் இல்லை. தோமஸ் அண்ணை சாட்சி."

கைகளை எண்ணியது தோமஸ். கொட்டில் பெண்களுக்கே என்று இருபத்தாறு கை. மில்ரன் கை உயர்த்தினான், இருபத்தாறாவதாக, சுற்றிப் பார்த்த பிறகு. அதை அவள் இன்றுவரை அவனுக்குச் சொல்லிக்காட்டுகிறாள், பெரும்பாலும் சோறு போடும்போது.

தோமஸ் மணிமணியாக எழுதினார். மரியதாஸ் கையெழுத்து வைத்தார். வாளியிலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்தாள் அன்ரோனெற். விரல்கள் வெளிறிச் சுருங்கியிருந்தன.

"எழுதி முடிஞ்சுதோ, அண்ணை?"

"ஓம், முடிஞ்சுது."

"கூட்டம் முடிஞ்சுது எண்டும் எழுதியாச்சோ?"

"ஓம் பிள்ளை. பதினொண்டு இருபது."

அவள் மரியதாஸ் பக்கம் திரும்பினாள். அடுத்த கால்மணி நேரம் அவள் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. கோயில் வளவுப் புறாக்கள் மறுபடி எழும்பின. ஆனால் கதிரை எதுவும் பறக்கவில்லை. அவள் விழவும் இல்லை. சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்ததும் தானே நிறுத்தினாள். வாளித் தண்ணீரை வாசல் வேப்பமரத்தடியில் ஊற்றப் போனவள், உப்புத் தண்ணீர் மரத்துக்குக் கூடாது என்று நினைத்து, கடற்கரை வரை தூக்கிக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை சுவேதினி கேட்டாள்: "எப்பிடி அக்கா? கத்தினீங்களோ?"

"கத்தினனான்."

சுவேதினியின் முகம் விழுந்தது. "எப்ப?"

"கையெழுத்து வைச்ச பிறகு."

 சுவேதினி பேனாவைத் திறந்து கிளினிக் கொப்பியை இழுத்தாள்.

"என்ன எழுதுறீர்?" அன்ரோனெற் மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "குழப்பம் எண்டு எழுதிப்போடாதையும்."